மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: ஒரு காரின் வாஷர் கோளாறு குறித்த நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூர் புறநகரில் வசிக்கும் ஒருவருடைய ஒன்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் ஹாட்ச்பேக் கார், முன்கண்ணாடி வாஷர் வேலை செய்யவில்லை என்ற புகாருடன் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ள வைப்பர் லீவரை இழுத்தால் வைப்பர் இரண்டு மூன்று முறை அசைந்து நிற்கிறது. முன்பக்கத்தில் எங்கோ மோட்டார் ஓடும் சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. கண்ணாடியில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுவதில்லை. இதே குறைக்காக முன்னர் வேறொரு பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே வாஷர் மோட்டார் பழுது என்று சொல்லிப் புதிய மோட்டார் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் தண்ணீர் வராததால், ஹோஸ் லைன் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அடுத்த செலவைச் சொல்லியிருக்கிறார்கள். "மோட்டாரையே புதுசா மாத்தியாச்சுங்க, அப்பவும் வரலீங்க" என்பதுதான் அவர் எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தார். இந்த ஆய்வில் அந்தப் பழைய மோட்டாருக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்ட கேள்விகளில் இரண்டுக்குக் கிடைத்த பதில்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. டேங்கில் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டதற்கு, குறைகிறது, அவ்வப்போது ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். கண்ணாடியில் விழாத தண்ணீர் டேங்கிலிருந்து குறைகிறது என்றால் அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்க வேண்டும். டேங்கில் கீறல் இருக்கலாம், மோட்டார் செருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் கசியலாம், ஹோஸ் எங்காவது கழன்றிருக்கலாம். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் தரை ஈரமானதே இல்லை என்றும் அவர் சொன்னார். வண்டியில் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று பொதுவாகக் கேட்டபோது, சில மாதங்களாக டிக்கியில் ஈர வாடை வருவதாகவும், மழைத் தண்ணீர் டிக்கி கதவின் பீடிங் ரப்பர் வழியாக இறங்குகிறது என்று நினைத்து அதை மாற்றும் எண்ணத்தில் இருப்பதாகவும் கூறினார். வாஷருக்கும் டிக்கிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நியாயமும் இல்லை.

வாஷர் அமைப்பு

பெரும்பாலான சிறிய கார்களில் வாஷர் டேங்க் முன்பம்பருக்குப் பின்னால், ஒரு பக்கச் சக்கரத்தின் மேல்மூடியை ஒட்டி இருக்கும். தண்ணீர் ஊற்றும் வாய் மட்டுமே பானெட்டைத் திறந்தால் தெரியும். டேங்கின் அடிப்பகுதியில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் மோட்டாரும் பம்பும் ஒரே துண்டாகச் செருகப்பட்டிருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஹோஸ் பானெட்டின் கீல் வழியாக மேலேறி, ஒருவழி வால்வைக் கடந்து, டி ஜாயிண்டில் பிரிந்து, கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சும் இரண்டு நாசில்களுக்குப் போகும். ஒருவழி வால்வின் வேலை, லீவரை விட்டதும் ஹோஸில் நிற்கும் தண்ணீர் டேங்குக்குத் திரும்பிவிடாமல் பிடித்து வைப்பது. அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஹோஸ் நிறைந்த பிறகுதான் தண்ணீர் வெளியே வரும், அதற்குள் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துவிடும்.

பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள ஹாட்ச்பேக் கார்களில் இரண்டு மோட்டார் வைப்பதும் உண்டு, ஒரே மோட்டாரில் இரண்டு வாய் வைப்பதும் உண்டு. இந்த வண்டி இரண்டாவது வகை. அதில் இரண்டு மின்கம்பிகள் மட்டுமே மோட்டாருக்கு வரும், இரண்டில் எதுவும் நிலையான எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்) கிடையாது. சுவிட்ச் ஓய்வில் இருக்கும்போது இரண்டு கம்பிகளும் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கும். முன் லீவரை இழுத்தால் ஒரு கம்பிக்கு 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே நிற்கும். பின் வாஷர் சுவிட்சை அழுத்தினால் இது தலைகீழாகும். மோட்டார் ஒரு திசையில் சுழலும்போது பம்புக்குள் எழும் அழுத்தம், இரண்டு வாய்களுக்கும் நடுவில் உள்ள மெல்லிய ரப்பர் தகட்டை ஒரு பக்கம் தள்ளி அந்த வாயை மூடிவிடும். தண்ணீர் மற்ற வாய் வழியாகப் போகும். திசை மாறினால் வாயும் மாறும். செலவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒற்றை வாய் மோட்டார்களையே பார்த்துப் பழகிய கைகளுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: கம்பிகளை மாற்றிப் போட்டாலும் மோட்டார் ஓடும், சத்தமும் சரியாகவே கேட்கும்.

முதல் சோதனைகள்

தண்ணீர் வராத வாஷரில் முதலில் பயன்படுத்த வேண்டிய கருவி காதுதான். சத்தம் கேட்கிறது என்றால் ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார் வரை மின்சாரம் போகிறது என்று பொருள். கோளாறைத் தண்ணீர் போகும் பாதையில் தேட வேண்டும். சத்தமே இல்லையென்றால் தேடல் மின்சாரப் பக்கம் திரும்பும்: ஃபியூஸைப் பார்த்து, மோட்டாரின் கப்ளரை, அதாவது கம்பிகளை இணைக்கும் செருகியைக் கழற்றி, ஒருவர் லீவரை இழுக்க மற்றவர் இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மல்டிமீட்டரை மட்டும் நம்புவது சரியல்ல. பச்சை பிடித்த கப்ளரோ, ஒரே ஒரு இழையில் தொங்கும் கம்பியோ மீட்டரில் 12 வோல்ட்டையே காட்டும், மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் தராது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு முனைகளுக்கும் நடுவில் கோத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் லைன் நல்லது. பட்டறைகளில் மாற்றப்படும் வாஷர் மோட்டார்களில் கணிசமானவை இந்தச் சோதனை நடக்காமலேயே மாற்றப்படுகின்றன என்பது என் கணிப்பு.

எங்கள் வண்டியில் சத்தம் இருந்தது. எனவே முன் லீவர், பின் சுவிட்ச் இரண்டையும் தனித்தனியாக இயக்கிச் சத்தத்தைக் கேட்டோம். பின்பக்கமும் தண்ணீர் வரவில்லை. ஆனால் இரண்டு சத்தமும் ஒன்றல்ல. முன் லீவரை இழுத்தபோது சற்றுக் கனத்த ஒலி. பின் சுவிட்சை அழுத்தியபோது மெல்லிய, மேலேறிய கீச்சொலி. இந்த வகைப் பம்புகளில் வெளியே போகும் வழி அடைபட்டிருந்தால் மோட்டாரின் சுமை குறையும், வேகம் கூடும், ஒலி மெலியும். தண்ணீர் தாராளமாக ஓடினால் சுமை ஏறி ஒலி கனக்கும். அடைப்பு இருந்தால் மோட்டார் திணறும் என்று பொதுவாக நினைப்போம்; இங்கே நடப்பது அதற்கு எதிர்மாறானது. டேங்க் காலியாக இருந்தாலும் இதே மெல்லிய ஒலிதான் கேட்கும் என்பதால் தண்ணீர் மட்டத்தை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே டேங்க் நிறைந்திருந்தது. அப்படியானால் முன் லீவரை இழுக்கும்போது தண்ணீர் எங்கோ தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அந்தக் கனத்த ஒலியின் பொருள்.

அடுத்து, பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பது. டேங்கில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே வருவதைவிட, அல்லது நாசிலில் தொடங்கி ஊசியால் குத்திக்கொண்டிருப்பதைவிட, பாதி வழியில் ஹோஸைக் கழற்றினால் ஒரே சோதனையில் பாதி அமைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். பானெட் கீலுக்குக் கீழே, ஒருவழி வால்வுக்கு முன்பாக, ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு லீவரை இழுத்தோம். ஒன்றும் வரவில்லை. இதனால் நாசில்கள் நல்லவை என்று ஆகிவிடவில்லை. அவற்றுக்குக் கீழேயும் ஒரு கோளாறு இருக்கிறது என்று மட்டுமே உறுதியானது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.

சக்கரத்தைக் கழற்றி, மேல்மூடியின் கிளிப்புகளை எடுத்து, மோட்டாரைக் கண்ணால் பார்த்தபோது வழக்கின் பாதி புரிந்தது. புதிய மோட்டாரின் கப்ளர் வண்டியின் கப்ளரோடு பொருந்தாததால், இரண்டையும் வெட்டி, கம்பிகளை நேரடியாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மோட்டாரின் இரண்டு வாயிலிருந்தும் ஹோஸ்களை உருவி, ஒவ்வொன்றின் கீழும் வெட்டிய பாட்டில் ஒன்றை வைத்து, முன் லீவரை இழுக்கச் சொன்னோம். பின்கண்ணாடிக்குப் போகும் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. பின் சுவிட்சை அழுத்தியபோது முன்கண்ணாடிக்கான வாயிலிருந்து வந்தது. மல்டிமீட்டரின் முனைகளை முறுக்கிய இரண்டு இணைப்புகளிலும் வைத்துப் பார்த்தபோது முன் லீவருக்கு ஒரு குறியும் பின் சுவிட்சுக்கு எதிர்க்குறியுமாக ஒரே அளவு வோல்டேஜ் காட்டியது. வண்டியின் கம்பியும் சுவிட்சும் குறையற்றவை. புதிய மோட்டாரின் பம்பும் குறையற்றது. இணைப்பு மட்டுமே இடம் மாறியிருந்தது.

முன்னர் வேலை செய்தவரை இதற்காகக் கடுமையாகப் பேசிவிட முடியாது. கம்பியின் நிறத்துக்கு நிறம் சேர்த்தே அவர் இணைத்திருக்கலாம். ஒரு தயாரிப்பில் முன்வாய்க்கு எந்த முனை பாசிட்டிவ் என்பது இன்னொரு தயாரிப்பில் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வண்டியின் வயரிங் படம் கையில் இல்லாதபோது, மோட்டாரை மாட்டும் முன் வெளியில் வைத்து, ஒரு வாளித் தண்ணீரில் பம்பின் உறிஞ்சும் முனையை மூழ்கவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு நொடி நேரம் இணைத்து, எந்த இணைப்புக்கு எந்த வாயில் தண்ணீர் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வழி. அதைச் செய்யாதது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றியது. பையில் இருந்த பழைய மோட்டாரை அதே வாளிச் சோதனையில் வைத்தோம். இரண்டு திசையிலும், இரண்டு வாயிலும், புதியதற்கு இணையாகவே தண்ணீர் தள்ளியது.

டிக்கியில் கிடைத்த சாட்சி

பின்வாய்க்குப் போன தண்ணீர் பின்கண்ணாடியிலும் விழவில்லையே, எங்கே போனது? டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தபோது, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கையால் கலக்கினால் நுரைத்தது. ஷாம்பு வாசம் வீசியது. மழைத் தண்ணீர் நுரைக்காது. காருக்குச் சொந்தக்காரர், நம் ஊரில் பலரும் செய்வதுபோல, டேங்கில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கலந்து ஊற்றும் பழக்கம் உள்ளவர். அதுவே இங்கே கசிவைக் காட்டிக்கொடுக்கும் சாயமாக வேலை செய்தது.

பின்கண்ணாடிக்கான ஹோஸ் வண்டியின் உட்பக்கமாக ஓடி, டிக்கி கதவுக்கும் கூரைக்கும் இடையே உள்ள மடிப்பு ரப்பர் குழாய்க்குள் கம்பிகளோடு சேர்ந்து நுழைகிறது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஹோஸ் வளைந்து நிமிர்கிறது. வெயிலில் நின்று இறுகிப்போன ஹோஸ் அங்கே குறுக்காகப் பிளந்திருந்தது. பிளவின் விளிம்புகள் பழையவை; அழுக்கேறியிருந்தன. பின் வாஷரை எப்போது கடைசியாகப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று இருப்பதே நினைவில்லை என்பதுபோல் சிரித்தார். ஆக, பிளவு வெகுநாள் முன்பே விழுந்திருக்க வேண்டும். அந்த வழியில் தண்ணீர் போகாததால் யாருக்கும் தெரியவில்லை. மோட்டார் மாற்றியபோது இணைப்பு இடம் மாறியதால், முன்கண்ணாடிக்காக லீவரை இழுத்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் பின்னால் போய், பிளவு வழியாகக் கூரைத்தூணின் உட்பக்கமாக இறங்கி, ஸ்டெப்னிக் குழியில் சேர்ந்திருக்கிறது. பீடிங் ரப்பரை மாற்றியிருந்தால் இன்னொரு நல்ல பொருள் வீணாகக் கழற்றப்பட்டிருக்கும்.

முதல் கோளாறு

இவ்வளவும் மோட்டார் மாற்றியதன் விளைவுகள். மோட்டார் மாற்றுவதற்கு முன்பே தண்ணீர் வராமல் இருந்ததற்கு இதில் எதுவும் காரணம் அல்ல. கம்பிகளைச் சரியாக மாற்றி, ஹோஸ்களை மீண்டும் செருகி லீவரை இழுத்தபோது, பானெட் கீலுக்குக் கீழே கழற்றி வைத்திருந்த முனையில் தண்ணீர் நன்றாக வந்தது. அதை இணைத்துவிட்டு இழுத்தபோது கண்ணாடி காய்ந்தே இருந்தது. ஒலி முன்பு பின் சுவிட்சுக்குக் கேட்ட அதே மெல்லிய கீச்சாக மாறியது. அந்தக் கீச்சொலி முன்பாதையின் அடைப்பைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழி வால்வைத் தனியாகக் கழற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சால் அம்புக்குறியின் திசையில் தண்ணீர் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் ஒட்டி, சின்ன ரப்பர் தகட்டை அதன் இருக்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தது. தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் சேர்ந்து வளர்க்கும் படலம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வாஷர் டேங்கில் அதற்கான திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுவதற்கும் லெஜியோனேர் எனப்படும் நுரையீரல் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நம் ஊர்ச் சூட்டில் இஞ்சின் பக்கத்திலேயே வெதுவெதுப்பாக நிற்கும் டேங்கை நினைத்துப் பார்த்தால், அந்தப் படலத்தை வெறும் அழுக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாசில்கள் இரண்டிலும் வாயை அடைத்து வெள்ளைப் படிவம் இறுகியிருந்தது. இந்த வீட்டில் போர்வெல் தண்ணீர். கடினத்தன்மை குறைந்த சிறுவாணி அணைத் தண்ணீர் வரும் வீடாக இருந்திருந்தால் இந்த அளவுக்குப் படிவம் சேர்ந்திருக்காது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம் வரையிலான தளர்வையும் தருகிறது. ஆனால் குடிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் நாசிலுக்குத் தகுந்தது அல்ல. லீவரை விட்டதும் நாசிலின் வாயில் நிற்கும் ஒரு துளி, வெயிலில் கொதிக்கும் பானெட்டின் மேல் நிமிடங்களில் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே தங்குகிறது. துளிமேல் துளியாகப் படிந்து துளை அடைபடுவதற்குச் சில கோடைகள் போதும். அதோடு ஷாம்பின் பசையும் சேர்ந்தால் படிவம் இன்னும் சீக்கிரம் இறுகும்.

ஊசியால் குத்துவதை நாங்கள் தவிர்த்தோம். ஊசி, உடைந்த துகள்களை உள்ளே தள்ளுகிறது. தள்ளிய துகள் அடுத்த முறை தண்ணீரோடு வந்து அதே வாயில் சிக்கும். துளையின் விளிம்பைக் கீறிவிட்டால் தாரை கோணும். விசிறிபோல் தெளிக்கும் நாசில்களின் உட்பாதை நேரானதே அல்ல என்பதால் அவற்றில் ஊசிக்கு வேலையே இல்லை. இரண்டு நாசில்களையும் பானெட்டின் அடிப்பக்கத்திலிருந்து கிளிப்பை அழுத்திக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து அதில் ஊறப்போட்டோம். குமிழிகள் கிளம்பி அடங்கியதும், சிரிஞ்சால் வெளிவாயிலிருந்து உள்நோக்கித் தண்ணீர் செலுத்தி, துகள்கள் வந்த வழியே திரும்ப வெளியேறும்படி செய்தோம். வினிகரை டேங்கில் ஊற்றி மோட்டாரால் சுற்றவிடுவது சுலபமாகத் தோன்றும். பெயிண்டிலும் ரப்பரிலும் அமிலம் படுவதை நான் விரும்புவதில்லை. பட்டறைக் கம்ப்ரஸரையும் ஹோஸ் மாட்டிய நிலையில் பயன்படுத்தக் கூடாது. அந்தக் காற்றழுத்தம் வாஷர் பம்பின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம், எங்காவது ஒரு இணைப்பைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடுங்கிவிடும்.

செய்த வேலையும் மறுசோதனையும்

ஒருவழி வால்வு சில பத்து ரூபாய்ப் பொருள் என்பதால் கழுவிப் பார்க்காமல் புதிதாகவே போட்டோம், அம்புக்குறி நாசில் பக்கம் பார்க்கும்படி. டேங்கைக் கழற்றிச் சேற்றைக் கழுவினோம். மோட்டார் செருகும் இடத்திலுள்ள வலைச் சல்லடையிலும் படலம் ஒட்டியிருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் அடைத்திருக்கும். முறுக்கிய கம்பிகளைப் பிரித்து, திருத்திய இணைப்பில் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினோம். சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுத் தண்ணீருக்கு அருகில் இருக்கும் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம் தாங்குவதே அரிது. பழைய மோட்டாரைத் திரும்பப் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. புதியது நன்றாக ஓடுகிறது, அதற்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது என்பதால் அதையே விட்டுவிட்டு, பழையதை மாற்று மோட்டாராக வைத்துக்கொள்ளச் சொன்னோம். பின் ஹோஸின் பிளந்த பகுதியை வெட்டி நீக்கி, வளையும் அந்தப் பகுதிக்குப் புதிய ஹோஸ் போட்டு, இணைப்புகள் இரண்டும் மடிப்பு ரப்பருக்கு வெளியே வருமாறு வைத்தோம்.

டேங்கில் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வந்த ஆர்.ஓ. தண்ணீரையும், புட்டியில் சொன்ன அளவில் வாஷர் திரவத்தையும் கலந்து ஊற்றினோம். ஷாம்பு வேண்டாம் என்று சொன்னோம். கூலண்டை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள், அது கண்ணாடியில் எண்ணெய்போல் படரும், நஞ்சும்கூட. நாசில்களின் தாரை கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழுமாறு திருப்பிவிட்டு, சேலம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். வேகம் கூடும்போது காற்று தாரையைக் கீழே அழுத்தும் என்பதால் நின்ற வண்டியில் சரியாக விழுவது போதாது. ஒரே நேரத்தில் பத்து நொடிக்கு மேல் லீவரைப் பிடித்திருக்க வேண்டாம் என்றும், பின் வாஷரை வாரம் ஒரு முறையாவது ஓடவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். ஸ்டெப்னிக் குழியைத் துடைத்து உலர்த்தினோம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் துருப்பிடித்திருந்தன, தகட்டின் பெயிண்ட் இன்னும் பிடிப்பாகவே இருந்தது.

சரியாகாமல் நின்றது ஒன்று மட்டும். தண்ணீர் வராத மாதங்களில் வைப்பர் காய்ந்த தூசியின் மேல் தேய்த்ததால், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் பிறை வடிவில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. எதிர்வண்டியின் ஹெட்லைட் படும்போது அவை பளிச்சென்று தெரியும். விரல் நகத்தில் தட்டுப்படும் ஆழத்தில் உள்ள கோட்டைப் பாலிஷ் போட்டு நீக்க முயன்றால் அந்த இடத்தில் கண்ணாடி குழிந்து பார்வை நெளியும் என்பதால் நாங்கள் அதைத் தொடவில்லை. வைப்பர் பிளேடுகளை மட்டும் மாற்றிக்கொண்டு, கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் வண்டியை எடுத்துப் போனார்.